பதினேழு கனவான்களும் தேயிலையும்: ஒல்லாந்தக் கம்பெனியின் தலைமை பற்றி ஒரு வரலாற்று நோக்கு

பழவேற்காட்டுக் கல்லறைத் தோட்டத்தையும் யாழ்ப்பாணக் கோட்டையையும் கண்டவர்களுக்கு ஒல்லாந்தர் முற்றிலும் அறியப்படாதவர் அல்லர். எனினும் அவர்களைக் குறித்து நம்மிடையே பொதுவாக வழங்குவன இரண்டு செய்திகளே. போர்த்துக்கீசியரைத் துரத்தி இக்கரைகளைக் கைப்பற்றினர் என்பது ஒன்று. பின்னர் ஆங்கிலேயரால் துரத்தப்பட்டனர் என்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தில் அவர்களுடைய கம்பெனி எவ்வாறு சிந்தித்தது, எவ்வாறு முடிவெடுத்தது, எங்கே தடுமாறியது என்பவற்றை நாம் அத்துணைக் கவனத்துடன் நோக்கியதில்லை. அரசுகளின் வீழ்ச்சியை ஆராய்வதில் நமக்குள்ள ஆர்வம் அலுவலகங்களின் வீழ்ச்சியை ஆராய்வதில் இருப்பதில்லை. ஆனால் ஒல்லாந்தக் கம்பெனியைப் பகைவரின் பீரங்கிகள் வந்து தாக்குவதற்கு நெடுங்காலம் முன்னரே அதன் அலுவலக அறைகளில் அதன் முடிவு தொடங்கிவிட்டது.

நிலைபெற்றுவிட்ட பெரிய நிறுவனங்கள் காலத்தின் போக்கிற்கேற்பத் தம்மை விரைந்து திருத்திக்கொள்வது எங்ஙனம் என்னும் வினா இக்காலத்து மேலாண்மை நூல்களில் பெரிதும் பேசப்படுகிறது. சிறு கடைக்காரர் ஒருவர் நேற்று விற்காத சரக்கை இன்று வாங்காமல் விட்டுவிடலாம். பல்லாயிரம் ஊழியரும், பல நாடுகளில் கிடங்குகளும், நூறாண்டுப் பழக்கங்களும் உடைய நிறுவனத்திற்கு அது எளிதன்று. இந்நூல்கள் காட்டும் சான்றுகள் பெரும்பாலும் அண்மைக் காலத்தவை. அவற்றுள் பலவற்றின் கதை இன்னும் முடிந்தபாடில்லை. பிறப்பும் வளர்ச்சியும் தளர்ச்சியும் இறப்பும் முற்றாகத் தெரிந்த ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொண்டு இவ்வினாவை ஆராய்வது பயனுடையது என்று நாம் கருதுகிறோம். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி அத்தகையது. 1602ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் அதற்குப் பட்டயம் வழங்கப்பட்டது. 1799ஆம் ஆண்டின் கடைசி நாளில் அப்பட்டயம் காலாவதியானது. இடைப்பட்ட காலத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் அதன் கப்பல்களில் ஆசியாவை நோக்கிப் புறப்பட்டனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் திரும்பவில்லை.

லஞ்சத்தாலும் ஊழலாலும் கம்பெனி அழிந்தது என்பது பழைய விளக்கம். கம்பெனியின் பெயரைக் குறிக்கும் மூன்று எழுத்துகளையே ‘ஊழலால் அழிந்தது’ என்னும் பொருள்பட விரித்து ஒல்லாந்தர் நகையாடினர். இவ்விளக்கம் பொய்யன்று, போதாது என்பதே நமது கருத்து. ஊழல் தொடக்க நாள்களிலும் இருந்தது. ஆங்கிலேயக் கம்பெனியிலும் குறைவின்றி இருந்தது. ஆகவே காரணத்தை வேறிடத்திலும் தேடவேண்டியிருக்கிறது.

முதலில் இக்கம்பெனி மந்தமானதாக இருக்கவில்லை என்பதைக் கூறவேண்டும். 1611இல் ஹென்ட்ரிக் பிரவுவர் என்னும் தளபதி, நன்னம்பிக்கை முனையைக் கடந்ததும் வடகிழக்கே திரும்பாமல், தெற்கே இறங்கி, அங்கு வீசும் வலிய மேலைக்காற்றைப் பற்றிக்கொண்டு கிழக்கே நெடுந்தூரம் ஓடிப் பின் வடக்கே திரும்பும் புதிய வழியைக் கண்டார். ஏறத்தாழ ஓராண்டு பிடித்த பயணம் ஆறேழு மாதங்களாகச் சுருங்கிற்று. ஐந்தாறு ஆண்டுகளுக்குள் இயக்குநர்கள் இவ்வழியை எல்லாக் கப்பல்களுக்கும் கட்டாயமாக்கிவிட்டனர். ஒரு மாலுமியின் அனுபவம் இத்துணை விரைவில் நிறுவனம் முழுமைக்கும் விதியானது வியப்பிற்குரியது.

நமது கரையோடு அவர்கள் கொண்ட தொடர்பும் இத்தகைய விரைந்த அறிவின் பயனே. கிராம்பும் சாதிக்காயும் விளையும் மலுக்குத் தீவுகளுக்கும் பண்டாத் தீவுகளுக்கும் ஒல்லாந்தர் வெள்ளி நாணயத்துடன் சென்றபோது, அங்குள்ளோர் விரும்பியது நாணயத்தை அன்று, சோழமண்டலக் கரையின் துணிகளை என்பதை விரைவில் உணர்ந்தனர். இக்கரையை மலுக்குத் தீவுகளின் இடக்கை என்று அவர்கள் வழங்கியது இதனாலேயே. 1610இல் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைந்தது; சில ஆண்டுகளில் கெல்திரியா என்னும் கோட்டையும் எழுந்தது. இங்கு நெய்த துணி தீவுகளில் நறுமணப் பொருளாக மாறிற்று. அப்பொருளில் ஒரு பகுதி மீண்டும் ஆசியத் துறைமுகங்களிலேயே விலைபோயிற்று. சப்பானிய வெள்ளி இந்தியத் துணியை வாங்கிற்று. ஐரோப்பாவிலிருந்து பணம் கொண்டுவருவதைக் குறைத்து, ஆசிய வாணிகத்தின் இலாபத்தைக் கொண்டே ஆசியச் சரக்கை வாங்கும் இத்திட்டத்தை வகுத்தவர்களுள் தலையாயவர் யான் பீட்டர்சூன் கூன். 1619இல் பத்தாவியா நகரை நிறுவியவரும் அவரே.

கூனைத் திறமைமிக்க தலைவர் என்று புகழும் நூல்கள் பல. திறமையை நாமும் மறுக்கவில்லை. ஆனால் 1621இல் பண்டாத் தீவுகளில் அவர் நடத்திய படையெடுப்பில், ஏறத்தாழ பதினைந்தாயிரம் பேர் வாழ்ந்த தீவுகளில் ஓராயிரம் பேர் அளவே எஞ்சினர். மற்றவர் கொல்லப்பட்டனர், பட்டினியால் மாண்டனர், தப்பியோடினர், அடிமைகளாக அனுப்பப்பட்டனர். சாதிக்காய் முழுவதும் கம்பெனிக்கே வரவேண்டும் என்பதற்காக இது நிகழ்ந்தது. விரைந்து முடிவெடுத்து விரைந்து நிறைவேற்றும் ஆற்றலை அதனளவிலேயே நற்பண்பாகக் கொள்வோர் பண்டாவை நினைவில் கொள்வது நன்று.

பின்னாளிலும் கம்பெனி மாறாமல் இருந்துவிட்டது என்று கூறுவது தவறாகும். அதன் சரக்குப் பட்டியல்கள் இதற்குச் சான்று. 1619-21 ஆண்டுகளில் ஆசியாவிலிருந்து சென்ற சரக்கின் கொள்முதல் மதிப்பில் மிளகு மட்டும் ஏறத்தாழ 56 விழுக்காடு. 1698-1700 ஆண்டுகளில் அது ஏறத்தாழ 11 விழுக்காடாகக் குறைந்து, துணியும் பட்டும் பாதிக்கு மேல் இடம்பெற்றன. மிளகு வணிகராகத் தொடங்கியவர்கள் எண்பது ஆண்டுகளில் துணி வணிகராகிவிட்டனர். எனவே பண்டம் மாறியது, சந்தை மாறியது, மாறாதது முடிவெடுக்கும் முறை. இங்கேதான் நாம் சற்று நின்று நோக்கவேண்டும்.

கம்பெனி ஒரே உடலாகப் பிறக்கவில்லை. ஆம்ஸ்டர்டாம், மிடல்பர்க், டெல்ஃப்ட், ராட்டர்டாம், ஹூர்ன், என்க்ஹூய்சன் என்னும் ஆறு நகரங்களின் மன்றங்களை ஒன்றாகக் கட்டியதே கம்பெனி. ஒவ்வொரு மன்றமும் தன் கப்பல்களைத் தானே கட்டிற்று. தன் சரக்கைத் தானே ஏலமிட்டது. தன் கணக்கைத் தானே எழுதிற்று. செலவிலும் சரக்கிலும் ஆம்ஸ்டர்டாமுக்குப் பாதி, சீலாந்து மாகாணத்தின் மிடல்பர்க்கிற்குக் கால், ஏனைய நான்கிற்கும் பதினாறில் ஒரு பங்கு வீதம். இவற்றின் மேலே பதினேழு கனவான்கள் எனப்பட்ட ஆட்சிக்குழு இருந்தது. ஆம்ஸ்டர்டாமுக்கு எட்டு இடம், சீலாந்திற்கு நான்கு, மற்றவற்றிற்கு ஒவ்வொன்று. பதினேழாமவர் ஆம்ஸ்டர்டாம் அல்லாத மன்றங்களிலிருந்து முறைவைத்து வந்தார். ஆம்ஸ்டர்டாம் தனித்துப் பெரும்பான்மை பெறலாகாது என்பதே இவ்வேற்பாட்டின் நோக்கம். கூட்டங்கள் ஆறு ஆண்டுகள் ஆம்ஸ்டர்டாமிலும், அடுத்த இரண்டு ஆண்டுகள் மிடல்பர்க்கிலும் நடைபெற்றன. குழுக்களிலும் பேரவைகளிலும் அமர்ந்து பழகிய நமது வாசகர்களுக்கு இதன் உள்ளுணர்வு எளிதில் விளங்கும். எவருக்கும் அநீதி நேராதவாறு அமைத்த அமைப்பு இது. அநீதி நேராமல் காத்தது. அதற்கு விலையாகக் காலத்தைக் கொடுத்தது.

காலமோ ஏற்கெனவே அவர்களுக்குப் பற்றாக்குறை. ஆம்ஸ்டர்டாமில் எழுதிய கட்டளை பத்தாவியாவை அடைய எட்டு மாதங்கள் வரை ஆகும். விடை திரும்ப அதே அளவு. பத்தாவியாவிலிருந்து நாகப்பட்டினத்திற்கும் சூரத்திற்கும் செய்தி போய்வரவேண்டியது வேறு. ஆண்டுதோறும் பதினேழு கனவான்கள் இன்ன சரக்கு இத்துணை வேண்டும் என்று பட்டியல் அனுப்புவர். அப்பட்டியலின்படி நெய்த துணி ஏலத்திற்கு வரும்போது ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கடந்திருக்கும். இதனாலேயே பத்தாவியாவின் தேசாதிபதிக்கும் அவருடைய ஆலோசனைச் சபைக்கும் பெரும் அதிகாரம் அளிக்கப்பட்டிருந்தது. தொடக்கத்தில் இது நிறுவனத்திற்கு விரைவைத் தந்தது. நாளடைவில் பத்தாவியா தனக்கென நலன்களும் பெருமையும் உடைய இரண்டாம் தலைநகராயிற்று. ஆசியாவின் எல்லாச் சரக்கும் பத்தாவியா வழியாகவே செல்லவேண்டும் என்பது வாணிகத் தேவையாயிருந்த நிலை மாறி, அந்நகரின் உரிமையாகிவிட்டது.

மேலும் ஒரு குறை உண்டு. அது கணக்கைப் பற்றியது. ஆசியக் கணக்குகள் பத்தாவியாவிலும், தாய்நாட்டுக் கணக்குகள் மன்றங்களிலும் தனித்தனியே இருந்தன. இரண்டையும் இணைத்து, எந்த வாணிகம் உண்மையில் இலாபம் தருகிறது, எந்த நிலையம் நட்டத்தில் நிற்கிறது என்று காட்டும் ஒரே ஏடு கம்பெனியின் வாழ்நாள் முழுவதும் எழுதப்படவேயில்லை. பங்குதாரர்களுக்குப் பத்தாண்டுக் கணக்குக் காட்டவேண்டும் என்று பட்டயமே கூறியிருந்தும் 1612இல் அது காட்டப்படவில்லை. ஈவு மட்டும் தாராளமாக வழங்கப்பட்டது. இரு நூற்றாண்டுகளையும் சேர்த்து நோக்கின் தொடக்க முதலின் மீது ஆண்டுக்குச் சராசரி 18 விழுக்காடு. 18ஆம் நூற்றாண்டில் ஆசியக் கணக்குகள் நட்டம் காட்டியபோதும், கடன் வாங்கிச் செலவு நடந்தபோதும் ஈவு நிற்கவில்லை. கம்பெனியின் வழக்கறிஞராக ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய பீட்டர் வான் டாம் என்பவர், இயக்குநர்களின் வேண்டுகோளின்படி 1693 முதல் 1701 வரை கம்பெனியின் அமைப்பையும் வரலாற்றையும் முழுமையாக விவரித்துப் பெருநூல் ஒன்றை எழுதினார். அந்நூல் மறைபொருளாகப் பூட்டி வைக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டில்தான் அச்சேறியது. தன்னைப் பற்றித் தானே எழுதுவித்த சிறந்த நூலைத் தன் ஊழியரே படிக்கலாகாது என்று எண்ணிய நிறுவனம் இது.

சீர்திருத்த முயற்சிகள் இல்லாமற் போகவில்லை. 1684இல் வான் ரீட் என்பவர் பேரதிகாரம் பெற்ற ஆணையாளராக நியமிக்கப்பட்டார். மலபாரின் மூலிகைகளைப் பன்னிரண்டு தொகுதிகளில் விவரிக்கும் ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் நூலை உருவாக்கியவர் இவரே. வங்காளத்திலும் நமது கரையிலும் இலங்கையிலும் நிலையம் நிலையமாகச் சென்று கணக்குகளைச் சோதித்தார். தவறிழைத்த அலுவலர் பலரை நீக்கினார். சோழமண்டலக் கரையின் தலைமையிடம் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்திற்கு 1690இல் மாறியதும், யாழ்ப்பாணத்து நல்லூரில் அதே ஆண்டு குருமடம் ஒன்று தொடங்கியதும் அவருடைய ஏற்பாடுகளே. 1691இல் சூரத்திற்குச் செல்லும் வழியில் கடலிலேயே அவர் இறந்தார். சூரத்தில் அவருக்கு எழுப்பிய கல்லறை மாளிகை போன்றது. அவருடைய வேலையைத் தொடர்வதற்கு எவரும் ஏற்படுத்தப்படவில்லை. ஒரு மனிதரின் நேர்மையை நம்பி நடத்திய சீர்திருத்தம் அம்மனிதரோடு அடக்கம் செய்யப்பட்டது.

தேயிலையின் கதை

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பா தேயிலை குடிக்கக் கற்றுக்கொண்டது. ஆங்கிலேயர் சீனாவின் கான்ட்டன் துறைமுகத்திற்கே கப்பல் அனுப்பி வாங்கினர். ஒல்லாந்தரோ பத்தாவியாவில் அமர்ந்திருந்தனர். சீன மரக்கலங்கள் தேயிலையைக் கொண்டுவந்து அவர்களுடைய வாயிலிலேயே விற்றன. வீடு தேடி வரும் சரக்கைத் தேடிப் போவானேன் என்று அவர்கள் எண்ணியதில் குற்றமில்லை. ஆனால் 1717இல் செலவைக் குறைக்கும் எண்ணத்தோடு பத்தாவியா தேயிலைக்கு மிகக் குறைந்த விலையைத் தானே நிர்ணயித்தது. சீன வணிகர் வருத்தத்துடன் திரும்பினர். அதே காலத்தில் சீனப் பேரரசரும் தென்கடல் பயணத்தைத் தடைசெய்தார். சில ஆண்டுகள் மரக்கலங்களே வரவில்லை. தேயிலை வேண்டி ஒல்லாந்தர் மக்காவோவின் போர்த்துக்கீசியரிடம் கூடிய விலை கொடுக்க நேர்ந்தது.

1728ஆம் ஆண்டின் இறுதியில் இயக்குநர்கள் துணிந்து ஒரு சோதனை செய்தனர். ‘கொக்ஸ்ஹோர்ன்’ என்னும் கப்பலில் மூன்று இலட்சம் கில்டர் மதிப்புள்ள வெள்ளியை ஏற்றி, பத்தாவியாவைத் தொடாமல் நேரே கான்ட்டனுக்கு அனுப்பினர். 1730இல் அது தேயிலையும் பட்டும் பீங்கானும் சுமந்து திரும்பிற்று. போட்ட பணத்திற்கு மேல் நூறு விழுக்காட்டிற்குக் குறையாத இலாபம் கிடைத்தது. 1734 வரை இவ்வாறு பதினொரு கப்பல்கள் சென்றன. நிறுவனத்தின் உள்ளேயே, நிறுவனத்தின் பணத்தைக் கொண்டே, நிறுவனத்தின் வழக்கத்திற்கு மாறாகச் செய்த சோதனை வெற்றி பெற்றுவிட்டது. இதற்கு மேல் ஒரு தலைமைக்கு என்ன சான்று வேண்டும்?

எனினும் 1734இல் இந்நேரடி வாணிகம் நிறுத்தப்பட்டது. காரணங்களை ஒதுக்கிவிட முடியாது. கான்ட்டனில் பல நாட்டவரும் போட்டியிட்டு வாங்கியதால் இலாபம் குறையத் தொடங்கியிருந்தது. வெள்ளி மிகுதியாக வெளியேறிற்று. ஆயின் மெய்யான காரணம் பத்தாவியாவின் எதிர்ப்பு என்றே நாம் கொள்கிறோம். சீன மரக்கலங்கள் வராவிடின் அந்நகரின் சுங்கவரி குறையும். அங்குள்ள பெரிய அதிகாரிகளின் சொந்த வாணிகமும் குறையும். பதினேழு கனவான்கள் சமரசம் செய்துகொண்டனர். சீன வாணிகம் பத்தாவியாவின் பொறுப்பில் விடப்பட்டது. தேயிலை பத்தாவியாவிற்குப் போய்க் கிடங்கில் காத்திருந்து, பின்னர் ஐரோப்பாவை அடைந்தபோது மணம் குன்றியிருந்தது. சுவீடன் நாட்டார் 1731இல் புதுக் கம்பெனி தொடங்கினர். தரங்கம்பாடியை வைத்திருந்த டேனியரும் 1732இல் ஆசியக் கம்பெனி ஒன்றை அமைத்து, கான்ட்டனுக்கு நேரே கப்பல் விட்டனர். சிறிய நாடுகளின் சிறிய கம்பெனிகள் புதிய தேயிலையை விற்றபோது, உலகின் மாபெரும் கம்பெனி பழைய தேயிலையை விற்றது.

இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 1756இல் பதினேழு கனவான்கள் தம்முள் சிலரைக் கொண்ட சீனக் குழு ஒன்றை ஏற்படுத்தி, அவ்வாணிகத்தை முழுமையாக அதனிடம் ஒப்படைத்தனர். கப்பல்கள் மீண்டும் தாய்நாட்டிலிருந்து சென்றன. பத்தாவியா இடையில் ஒரு தங்குமிடம் மட்டுமே. இக்கிளை இறுதிவரை நல்ல இலாபம் தந்தது. பெரிய அமைப்பு முழுவதையும் திருத்த முயலாமல், சிலரிடம் ஒரு வேலையையும் அதற்கேற்ற அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது காரியம் நடந்தது என்பதை இங்குக் காண்கிறோம். 1734இலேயே இதைச் செய்திருக்கலாம். அறிவு அப்போதும் இருந்தது.

வான் இம்ஹோஃப்

கம்பெனியின் வரலாற்றில் தலைமை என்னும் பொருளை ஆராய்வோர்க்கு மிகுந்த சிந்தனையைத் தருபவர் குஸ்தாஃப் வில்லெம் வான் இம்ஹோஃப். 1705இல் பிறந்தவர், முப்பத்தோராம் வயதில், 1736இல், இலங்கையின் ஆளுநரானார். கொழும்பில் 1737இல் அச்சகம் இயங்கத் தொடங்கியது இவர் காலத்தில்தான். 1740இல் அவர் பத்தாவியாவிற்குச் சென்றபோது அங்குச் சீனக் குடிகளுக்கும் அரசுக்கும் இடையே பகை முற்றியிருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் நகரத்துச் சீனர் 5,000 முதல் 10,000 பேர் வரை கொல்லப்பட்டனர். தேசாதிபதி வால்க்கனியரின் பொறுப்பைச் சபையில் எதிர்த்துப் பேசிய வான் இம்ஹோஃப் கைது செய்யப்பட்டுக் கப்பலேற்றித் தாய்நாட்டிற்கு அனுப்பப்பட்டார். ஆனால் அங்கே இயக்குநர்கள் அதற்குள் அவரையே புதிய தேசாதிபதியாகத் தெரிந்தெடுத்திருந்தனர். வால்க்கனியரோ வழியில் நன்னம்பிக்கை முனையில் பிடிக்கப்பட்டு, பத்தாவியாச் சிறையில் 1751இல் இறந்தார். சீனரைக் கொன்றது மன்னிக்க முடியாத கொடுமை. வாணிக நோக்கில் அது தற்கொலையும் ஆகும். பத்தாவியாவின் கரும்பாலைகளையும் மரக்கல வாணிகத்தையும் தாங்கி நின்றவர்கள் அவர்களே.

1741இல் வான் இம்ஹோஃப் இயக்குநர்களுக்குக் கம்பெனியின் நிலையைப் பற்றி நீண்ட அறிக்கை ஒன்றைச் சமர்ப்பித்தார். ஆசியத் துறைமுகங்களிடையே நடக்கும் வாணிகத்தை எல்லாம் கம்பெனியே கட்டிப்பிடித்துக் கொண்டிருப்பது இனி இயலாது. அதில் ஒரு பகுதியைத் தனியாருக்குத் திறந்துவிட வேண்டும். ஊழியர் களவாகச் செய்வதை வெளிப்படையாகச் செய்யவிட்டு அதிலிருந்து கம்பெனி வருவாய் பெறவேண்டும் என்பது அதன் சாரம். 1743இல் பத்தாவியாவிற்கு வந்து, கடற்பயிற்சிப் பள்ளியும் அஞ்சல் நிலையமும் ஏற்படுத்தினார். 1744இல் செய்தித்தாள் ஒன்று வெளிவரத் தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில், 1746இல், இயக்குநர்களின் உத்தரவால் அது நிறுத்தப்பட்டது. பத்தாவியாவின் செய்தி போட்டியாளர் கண்ணில் படுவதை அவர்கள் விரும்பவில்லை. களவு வாணிகத்தை ஒழுங்குபடுத்தும் பெயரால் 1745இல் அவர் அமைத்த அபினிச் சங்கத்தை நாம் சீர்திருத்தம் என்று அழைக்க இயலாது. அதிகாரிகளே அதில் பங்குதாரர்.

இத்துணைத் தெளிவாகத் தன் நிறுவனத்தின் நோயை எழுதிய இவர், நிறுவனத்திற்கு வெளியே இருந்தவர்களின் குரலைக் கேட்கத் தெரியாதவராக இருந்தார். இலங்கை ஆளுநராக இருந்தபோது 1739இல் மலபாருக்கு வந்து, மிளகு வாணிகத்தின் பொருட்டுத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவை அச்சுறுத்தினார். போர் மூண்டது. பத்தாவியாவிலிருந்து படையுதவி வரவில்லை. சீனர் படுகொலையைத் தொடர்ந்து ஜாவாவில் எழுந்த போரில் அங்குள்ள படை முழுவதும் சிக்கிக்கொண்டிருந்தது. 1741ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் குளச்சலில் ஒல்லாந்தர் தோற்றனர். அவர்களுடைய தளபதி டி லனாய் சிறைப்பட்டு, பின்னர் அம்மன்னரின் படைத்தலைவரானார். உதயகிரிக் கோட்டையில் அவர் கல்லறையை இன்றும் காணலாம், அதில் இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன. குளச்சலிலிருந்து வான் இம்ஹோஃப் பாடம் கற்றதாகத் தெரியவில்லை. 1746இல் ஜாவாவில் பயணம் செய்தபோது மாதரம் அரசின் இளவரசர் மங்குபூமியை அரசவையிலேயே இழித்துரைத்தார். அவ்விளவரசர் வெளியேறிப் போர் தொடங்கினார். ஒன்பது ஆண்டுகள் நடந்த அப்போர் 1755இல் அரசு இரண்டாகப் பிரிந்த பின்னரே ஓய்ந்தது. அதன் செலவு கம்பெனியின் தலையில் விழுந்தது. வான் இம்ஹோஃப் 1750இல் இறந்துவிட்டார். தாய்நாட்டிலிருந்த பதினேழு பேரின் தயக்கத்தை மட்டும் குறைகூறி அவரை முழுமையாக விடுவிப்பது நேர்மையாகாது.

அடுத்து வந்த யாக்கோபு மோசல் நமது நாகப்பட்டினத்தில் நெடுங்காலம் பணியாற்றிக் கரையின் ஆளுநராகவும் இருந்தவர். 1754இல் இவர் ஆடம்பரத்தை ஒழுங்குபடுத்தும் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். எந்தப் பதவியிலுள்ளவர் வண்டிக்கு எத்தனை குதிரை பூட்டலாம், யாருக்குக் குடை பிடிக்கலாம், எவருடைய மனைவி எவ்வளவு மதிப்புள்ள நகை அணியலாம் என்றெல்லாம் அதில் விதிகள் இருந்தன. ஆடம்பரத்தை ஒழிப்பது நோக்கமாயின், அதைப் பதவி வரிசையின்படி பங்கிட்டுக் கொடுத்ததே விளைவு.

ஆங்கிலேயரோடு ஒப்பிடுவது பொருத்தமே. ஆனால் எச்சரிக்கையோடு செய்யவேண்டும். அவர்கள் ஆசிய உள்நாட்டு வாணிகத்தைத் தம் ஊழியருக்கும் தனி வணிகருக்கும் முன்பே விட்டுவிட்டனர். அதனால் புதிய சந்தைகளைத் தனியார் தம் சொந்தப் பணத்தில் தேடினர். தோற்றால் நட்டம் அவர்களுடையது. இது கம்பெனிக்கு நெகிழ்வைத் தந்தது உண்மை. அதே ஊழியர் 1757க்குப் பின் வங்காளத்தில் நடத்திய கொள்ளையும் இந்நெகிழ்வின் மறுபக்கமே. 1784இல் ஆங்கில நாடாளுமன்றம் தேயிலை வரியை 119 விழுக்காட்டிலிருந்து 12.5 விழுக்காடாகக் குறைத்தபோது, கள்ளக்கடத்தலால் பிழைத்த ஐரோப்பியக் கம்பெனிகளின் தேயிலைச் சந்தை சுருங்கிற்று. ஒல்லாந்தரும் அதில் இழந்தனர்.

கம்பெனியின் நிழலில் சபை

இவ்வரலாற்றில் திருச்சபைக்கும் ஒரு பகுதி உண்டு. அதனை நாம் கூறாமல் விடலாகாது. இலங்கையில் போதகருக்குச் சம்பளம் கொடுத்தது கம்பெனி. பள்ளிக்கூடங்களை நடத்தியது கம்பெனி. பிறப்பும் திருமணமும் பள்ளித் தோம்புகளில் பதிவாயின. முதலியார் முதலிய பதவிகளுக்குத் திருமுழுக்குப் பெற்றிருப்பது தகுதியாயிருந்தது. கொழும்புக் குருமடம் 1696இல் தொடங்கி, தமிழரும் சிங்களரும் பயின்ற கூடமாக விளங்கியது. அதில் பயின்ற தமிழறிஞர் பிலிப்பு தெ மெல்லோ திருத்தியமைத்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பில் அச்சாயிற்று. இவை மதிப்பிற்குரிய செயல்கள். ஆனால் தான் நம்பிய நிறுவனத்தின் கணக்கேட்டைப் பார்க்கவும், பார்த்தாலும் கேள்வி கேட்கவும் அச்சபைக்கு இடமிருக்கவில்லை. போதகரை அனுப்புவதும் இடம் மாற்றுவதும் கம்பெனியின் அலுவலர் கையில். கம்பெனிக்குத் திரும்பத் தெரியாதபோது, அதன் பின்னே கட்டப்பட்டிருந்த சபைக்கும் திரும்ப வழியில்லை.

முடிவு விரைவில் வந்தது. 1780இல் இங்கிலாந்தோடு மூண்ட போரில் ஒல்லாந்தக் கப்பல்கள் கடலில் பிடிபட்டன. கம்பெனி தன் கடன்களைச் செலுத்த முடியாமல் அரசின் உதவியை நாடிற்று. 1781 நவம்பரில் நாகப்பட்டினம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1784இல் அமைதி ஏற்பட்டபோது அது திரும்பக் கிடைக்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக ஆய்வுக் குழுக்கள் அமைந்தன, அறிக்கைகள் எழுதப்பட்டன. அவற்றுள் வான் இம்ஹோஃப் 1741இல் கூறாத புதுமை சிறிதே. 1795இல் யாழ்ப்பாணமும் 1796 பிப்ரவரியில் கொழும்பும் ஆங்கிலேயர் கைப்பட்டன. அதே 1796இல் தாய்நாட்டின் புதிய அரசு இயக்குநர்களை நீக்கிக் கம்பெனியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1799இல் பட்டயம் முடிந்தபோது பத்துக் கோடி கில்டருக்கு மேற்பட்ட கடன் அரசின் கணக்கில் எழுதப்பட்டது.

இலங்கையில் சம்பளம் நின்றதும் போதகர் பலர் சென்றனர், பள்ளிகள் மூடப்பட்டன. பதிவேட்டில் பெயர் இருந்த பெருந்தொகையினர் சில ஆண்டுகளில் தத்தம் பழைய வழிபாட்டிற்கே திரும்பினர். தோம்புகள் மட்டும் கச்சேரிகளில் இருந்தன. காணி வழக்கு எழுந்தபோதெல்லாம் ஆங்கில அதிகாரிகள் அவற்றைத் தருவித்து, எந்த நிலம் எவருடையது என்று பார்த்துக்கொண்டனர்.